கொதித்த தண்ணீரும் கோலி சோடாவும்

அக்கா,

ஊரிலிருந்து உங்களுக்கு வந்த கடிதங்களைப் படித்துக் காட்டியவள் நான்தான். இதை அங்கே யார் படித்துக் காட்டுவார்கள்? தெரிந்தும் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

இன்று மாட்டுங்கா பள்ளியில், நாளைய பாடத்துக்காகக் கண்ணாடிக் குவளையில் தண்ணீரைச் சூடாக்கினேன். கொதி வருவதற்கு வெகு முன்பே குவளையின் உட்சுவரெங்கும் குண்டூசித் தலை அளவில் குமிழிகள் ஒட்டின. சூடு ஏற ஏற, தன்னுள் கரைந்திருந்த காற்றைத் தண்ணீர் வெளியே விடுகிறது. உடனே தாராவியில் உங்கள் சோடா கம்பெனி கண்முன் வந்துவிட்டது.

அந்தக் கோடையில் காலரா பயம். கொதிக்க வைக்காத தண்ணீர் பாட்டிலுக்குள் போகக்கூடாது என்று நீங்கள் உறுதியாக இருந்தீர்கள். உங்கள் வீட்டு அண்ணன் இறந்த பிறகு கேஸ் ஏற்றும் மெஷினைச் சுற்ற வந்த உங்கள் கொழுந்தனார், அந்தத் தண்ணீரைச் சூடு ஆறுமுன்பே பாட்டிலில் ஊற்றினார். "சீனி சுடுதண்ணில சட்டுன்னு கரையுதுல்லா? கேஸும் அப்படித்தான் மதினி!"

கல்யாணத்துக்குச் சோடா கேட்டிருந்த மாட்டுங்காக்காரர், எல்லோரும் மாமா என்று அழைப்பவர், ஒரு பாட்டிலை உடைத்துப் பார்த்தார். கோலி சத்தமில்லாமல் உள்ளே விழுந்தது. "இது சோடாவா, குழாய் ஜலமா? நாளைக்கு வரேன். அப்பவும் இப்படின்னா ஆர்டர் கிடையாது" என்று போய்விட்டார்.

"பேசாம மெஷின வித்துருவோம். பொம்பள பாக்குற யாவாரமா இது?" என்றார் கொழுந்தனார். மெஷின் போனால் நீங்களும் மகளும் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

பக்கத்து வீட்டுப் பெண்ணான நான் எங்கள் வாசலிலிருந்து வந்து, தப்பு எங்கே என்று உங்கள் காதில்தான் சொன்னேன். நீங்கள் விடவில்லை. "ஏட்டி, என் காதா மெஷின் சுத்துது? அவருகிட்டச் சொல்லு."

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஆண்கள் முன்னால் வாய் திறந்ததில்லை. அன்று திறந்தேன். "சீனி கரையச் சூடு வேணும். கேஸ் கரையக் குளிர்ச்சி வேணும். கொதிக்க வச்ச தண்ணிய மூடி ஆற வைங்க. பாத்திரத்தோட ஐஸ்ல குளிர வச்சு அப்புறம் ஊத்துங்க."

"காலேஜுல சோடாவும் சொல்லித் தாராங்களோ?"

"சொல்லித் தந்தா நல்லதுதானவே! போயி ஐஸ் வாங்கிட்டு வாரும்" என்றீர்கள் நீங்கள்.

மறுநாள் மாமா கட்டைவிரலால் கோலியை அழுத்தினார். பட்டென்ற சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். நுரை பொங்கி அவர் சட்டையை நனைத்தது. ஒரு மடக்குக் குடித்தார். மூக்கில் ஏறித் தும்மினார். "பேஷ்! இதுன்னா சோடா!"

நீங்கள் அவரைப் பார்க்கவில்லை. கொழுந்தனாரைப் பார்த்து, "மெஷின விக்கணுமாவே?" என்றீர்கள். அவர் தலையைச் சொறிந்துகொண்டே கைப்பிடியைப் பிடித்தார்.

ஆர்டர் கிடைத்தது. அதன் பின் எத்தனையோ கல்யாணங்கள். பட்டம் வாங்க மேடை ஏறியபோதும், ஆசிரியையாக முதல் பாடம் நடத்த எழுந்தபோதும் பழைய கூச்சம் வந்தது. ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் அந்தக் கோலி வெடித்து என் குரலைத் திறந்துவிட்டது.

இப்போது கம்பெனியை உங்கள் மகள் நடத்துகிறாள். வாசலில் புதுப் பலகை தயார். பெயின்டரைக் கூட்டி வந்தவரே உங்கள் கொழுந்தனார்தான். என்ன பெயர் எழுதுவது என்று எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் வெட்கப்பட்டு மறுத்திருப்பீர்கள். அதனால்தான் இதைக் கடைசிக்கு வைத்தேன் அக்கா: உங்கள் பெயரையே எழுதச் சொல்லட்டுமா?