பிடித்து வைத்த காகிதக் கப்பல்கள்

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே மூன்று பேரும் எழுந்து நடமாடுகிறோம், வேளைக்குச் சாப்பிடுகிறோம். அதற்குப் பெயர் நலம் என்றால், நலம். நீங்கள் எப்படி என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் ‘சௌகரியமாக இருக்கிறேன்’ என்றுதான் எழுதுவீர்கள். விளக்கு எரியாத கப்பலில், கடல் தண்ணீரை மொண்டு குளிக்கிறவருக்கு என்ன சௌகரியமோ, அது உங்களுக்கே வெளிச்சம்.

போன மாதமும் கம்பெனி ஆபீஸுக்குப் போனேன். வாசலில் இருக்கிற செக்யூரிட்டி என்னைப் பார்த்ததுமே எழுந்துவிடுகிறார், மரியாதைக்கு அல்ல, வழியை மறிக்க. முதலாளிக்கும் சரக்குக்காரருக்கும் வழக்கு; அது முடிகிறவரை கோர்ட் பிடித்து வைத்து நங்கூரம் போட்டு நிற்கிற கப்பலைக் காவல் காக்க ஆள் இருந்தே ஆக வேண்டும்; உங்கள் ஒப்பந்தம் முடிந்துவிட்டதால் மாற்று ஆள் அனுப்புவார்கள். இதெல்லாம் அவர் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்றால் மட்டும், “சார் மீட்டிங்ல இருக்கார்மா” என்கிறார். அந்த மீட்டிங் எப்போது ஆரம்பித்ததோ தெரியவில்லை, இன்னும் முடியவில்லை.

வேலை இருக்கிறது. ஸ்டேஷனரி கடை அக்கா பெரிய ஆர்டர் ஒன்று பிடித்துக் கொடுத்தார். ஏதோ கப்பல் கம்பெனியின் ஆண்டு விழாவாம். வருகிற விருந்தாளி ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. பிரித்தால் உள்ளே கப்பல் எழுந்து நிற்க வேண்டும். மேஜைக்கு மேஜை காகிதக் கலங்கரை விளக்கம். கூரையில் தொங்கவிட வண்ணவண்ணமாய்க் கப்பல் கொடிகள். நீல அட்டையில் அலையை வெட்டி மூன்று வரிசையாய் ஒட்டி, அதன் நடுவே கப்பலை மடித்து வைக்க வேண்டும். மடிப்பு ஒரு நூல் பிசகினாலும் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொள்கிறது. மடிப்பை அழுத்தித் தேய்க்க நீங்கள் விட்டுவிட்டுப் போன பல்துலக்கும் பிரஷ்ஷின் பிடிதான் வாகாக இருக்கிறது. முகப்பில் ஒட்டுகிற நங்கூரத்துக்குச் சணல் கயிறு சுற்றும்போது கட்டைவிரல் தோல் உரிந்துவிட்டது. உங்கள் தங்கை பசை தடவுகிறாள், குறையும் சொல்கிறாள். நாள் முழுக்க அலையையே பார்த்துக்கொண்டிருந்தால் நிலத்தில் உட்கார்ந்தபடியே குமட்டுகிறதாம்.

நம் வாலுப் பெண் சும்மா இருப்பாளா? ஒரு தாள் நிறையக் கப்பல் ஜன்னல்களுக்குள் பென்சிலால் மூஞ்சி வரைந்து வைத்துவிட்டாள். எல்லாமே மீசை வைத்த மூஞ்சி. அத்தனையையும் ரப்பர் வைத்து நான்தான் அழித்தேன். திட்டவில்லை.

கப்பல் வயிற்றில் கம்பெனியின் பெயரை அச்சடித்து ஒட்ட வேண்டும் என்று அக்கா நேற்றுத்தான் காகிதம் கொடுத்தனுப்பினார். படித்ததும் உங்கள் தங்கை கத்தரிக்கோலைக் கீழே போட்டாள். உங்கள் கம்பெனியேதான். “நம்ம அண்ணனைக் கடல்ல காயப் போட்டுட்டு விழா கொண்டாடுறாங்க, அதுக்கு நாம தோரணம் கட்டணுமா அண்ணி?” என்று கேட்டாள். மொத்தத்தையும் அடுப்பில் போடச் சொன்னாள். பிறகு, அடுப்பில் போட வேண்டாம், ஒவ்வொரு அட்டைக்குள்ளும் அண்ணன் படுகிற பாட்டை எழுதி அனுப்புவோம் என்றாள்.

அவளுக்கு வயது அப்படி. எனக்கோ, கோபப்படக்கூடத் தெம்பு வேண்டியிருக்கிறது. அட்டையில் எதையாவது எழுதி, அந்த ஆத்திரத்தை அவர்கள் உங்கள் மேல் காட்டினால்? செய்து முடித்து, சரக்கை நானே கொண்டு போய்க் கொடுக்கிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். கையில் பெட்டி இருந்தால் அந்த செக்யூரிட்டி மறிக்க மாட்டார் அல்லவா.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இருட்டில் ஏணியில் ஏறி இறங்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்பார்க்கும்
மனைவி


அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் மூவரும் இருந்தபடியே இருக்கிறோம். உங்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. கொஞ்சம் கோபமும் இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விழா அன்று காலையில் ஆட்டோ பிடித்து நானும் உங்கள் தங்கையும் பெட்டிகளோடு போனோம். நான் நினைத்தபடியே செக்யூரிட்டி கதவைத் திறந்துவிட்டதோடு ஒரு பெட்டியைத் தூக்கியும் தந்தார். முகத்தைப் பார்க்கவே இல்லை. உள்ளே ஏசி குளிர். தரையில் நம் நிழல் தெரிகிறது. மேனேஜர் தானே வந்து ஓர் அட்டையைப் பிரித்தார். கப்பல் எழுந்து நின்றதும் குழந்தை மாதிரி சிரித்தார். இரண்டு தடவை மூடித் திறந்து பார்த்துவிட்டு, “நிஜக் கப்பல் மாதிரியே இருக்கும்மா” என்றார்.

நிஜக் கப்பலில்தான் சார் என் வீட்டுக்காரர் இருக்கிறார் என்று சொல்லி, கப்பலின் பெயரைச் சொன்னேன். சிரிப்பு அப்படியே நின்றது. வழக்கு, கோர்ட், எங்கள் கையில் எதுவும் இல்லை என்று ஆரம்பித்தார். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த அதே வரிகள், அதே வரிசையில். கடைசியில், விழா முடியட்டும், அடுத்த வாரம் வாருங்கள் என்றார்.

அத்தான், நான் எதையும் யோசித்து வைத்துக்கொண்டு போகவில்லை. சத்தம் போட வேண்டும் என்றும் நினைக்கவில்லை. கால் வலித்தது, அவ்வளவுதான். அங்கே இருந்த சோபாவில் உட்கார்ந்தேன். அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். மற்ற பெட்டிகளின் மேல் உங்கள் தங்கை ஏறி உட்காராத குறை. “கப்பலைப் பிடிச்சு வச்சிருக்காங்கன்னு நீங்க சொல்றீங்க. நானும் கப்பலைத்தான் சார் பிடிச்சு வச்சிருக்கேன். அவரை விடுங்க, இதை விடறேன்” என்றேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இப்போதும் தெரியவில்லை.

அவர் முகம் சிவந்துவிட்டது. போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். உங்கள் தங்கை, தாராளமாகக் கூப்பிடுங்கள், சாயங்காலம் விருந்தாளிகள் வரும்போது அவர்களும் இருக்கட்டும் என்றாள். அந்தப் பக்கம் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் குனிந்து சிரித்ததை நான் பார்த்தேன்.

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். நாங்கள் ஒன்றும் ஆளையே அனுப்பாமல் இல்லையம்மா, கோடையிலேயே ஒரு மாற்று ஆள் போனார், உங்கள் வீட்டுக்காரர்தான் இறங்க வேண்டியது; எனக்குப் பதில் கப்பல் சமையல்காரரை அனுப்புங்கள், நான் இருக்கிறேன் என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டார், உங்களிடம் சொல்லவில்லையா என்று கேட்டார்.

சொல்லவில்லை.

உங்கள் தங்கை என் முகத்தைப் பார்த்தாள். நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடையில் வாலு அம்மை போட்டுப் படுத்திருந்தாள், நான் அவள் தலைமாட்டை விட்டு நகரவில்லை. அந்தச் சமயத்தில் நீங்கள் இந்த வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்திருக்கலாம். அந்தச் சமையல்காரர் மனைவிக்குப் பிரசவ நேரம் என்று நீங்கள் எப்போதோ எழுதியது ஞாபகம் வந்தது. நீங்கள் செய்ததைத் தப்பு என்று சொல்ல என்னால் முடியவில்லை. சரி என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளையை அவள் புருஷன் கையில் வாங்கிப் பார்த்திருப்பார். பார்க்கட்டும். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. மாட்டேன் என்றா சொல்லியிருப்பேன்? சொல்லியிருப்பேனோ என்னவோ.

மேனேஜர், பார்த்தீர்களா என்பது போல நின்றார். எழுந்து போய்விடுவேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. நானும் ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். ஆனாலும் பெட்டியை விடவில்லை. “சரி சார், அப்ப அவர் தன் முறையை விட்டுக் கொடுத்துட்டார். அதுக்கப்புறம் இத்தனை மாசமா இருக்காரே, இது யார் முறை?” என்று கேட்டேன்.

அவர் உள்ளே போனார், வந்தார், போன் பேசினார். டைப் அடிக்கிற பெண் எங்களுக்கு டீ கொண்டு வந்து வைத்தாள். சாப்பாட்டு நேரம் தாண்டியது. கூடத்தில் மேஜை போடுகிறவர்கள் அட்டை எங்கே, கொடி எங்கே என்று அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில், கப்பலுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகிற அடுத்த படகில் மாற்று ஆள் போவார், நீங்கள் அதே படகில் இறங்கலாம் என்று கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தார். உங்கள் தங்கை அதைப் படித்துவிட்டு, உரக்க இன்னொரு தடவை படித்தாள். அதன் பிறகுதான் பெட்டியைத் திறந்தேன். நாங்களே உள்ளே போய்க் கொடிகளைக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தோம். ஒத்துக்கொண்ட வேலை அல்லவா. கூடம் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஆட்டோவில் வரும்போது உங்கள் தங்கை பேசிக்கொண்டே வந்தாள். எனக்குத் தூங்க வேண்டும் போல இருந்தது. சந்தோஷம் நாளைக்கு வரும் என்று நினைத்தேன். இன்னும் வரவில்லை. உங்களைப் பார்த்தால் வருமோ என்னவோ.

இந்தக் கடிதத்தை எடுத்துவருகிற படகிலேயே அந்த ஆளும் வருவார். அவர் யார், ஊரில் யாரை விட்டுவிட்டு வருகிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்கும் மனசு இளகிவிடும். அவருக்கும் ஒப்பந்தம் முடிகிற நாளை எழுதிக் கொடுங்கள் என்று மட்டும் மேனேஜரிடம் சொன்னேன். பார்க்கலாம் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நீங்கள் வந்த பிறகு அந்த மனிதருக்காக நாம் இரண்டு பேரும் சேர்ந்து அந்த சோபாவில் போய் உட்காருவோம். நான் வருகிறேன், சத்தியமாக வருகிறேன். ஆனால் நீங்கள் முதலில் வந்து சேர வேண்டும்.

அவரோடு பேச்சுக் கொடுக்காதீர்கள் அத்தான். பிள்ளைகள் எத்தனை என்று கேட்காதீர்கள். போட்டோ காட்டினால் பார்க்காதீர்கள். சாவியைக் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, படகில் ஏறி உட்கார்ந்துவிடுங்கள். இந்த ஒரு தடவை மட்டும் நல்லவராக இருக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி