சின்னத்துரையைத் தேடிப் போன மூவர்

வெள்ளவத்தை,
1963 மார்ச் 4

அன்புள்ள றஹீமாவுக்கு,

கிருஷ்ணம்மாவைத் திருடி என்று சொல்லி நான் வீட்டைவிட்டு விரட்டிவிட்டதாக மாத்தளைக் கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். அது உண்மையில்லை. சின்னத்துரையின் கூண்டு காலியாக இருக்கிறது என்று அவள் சேதி அனுப்பினாள். "கடைசியாகக் கூண்டைத் தொட்டது யார்?" என்று மட்டும் எழுதிக் கேட்டேன். இத்தனை வருடம் என் வீட்டில் சமைத்தவளிடம் இப்படியொரு கேள்வியா என்று கோபித்துக்கொண்டு, நாவுலையில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அவளாகவே போய்விட்டாள்.

முறிந்த காலில் போட்ட கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை. இங்கே மகன் வீட்டில் எல்லாரும் அன்பாகத்தான் இருக்கிறார்கள். தேநீரை மட்டும் ஆறவைத்துத் தருகிறார்கள்.

சின்னத்துரையை உனக்குத் தெரியும். ஆனால் முழுக் கதையும் தெரியாது. தோட்டத்துத் துரை மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறது என்று அந்த மலை மைனாவுக்கு என் கணவர் வைத்த பெயர் அது. அவர் இருந்த காலமெல்லாம் லொறிக் கொட்டகையில் வளர்ந்தது. வாயே திறந்ததில்லை. ஊமை மைனா என்று எல்லாரும் சிரித்தார்கள். அவர் போன பிறகு வீட்டு முன் விறாந்தைக்குக் கொண்டுவந்தேன். ஒருநாள் மாலை அது அவருடைய இருமலை இருமியது. பிறகு அவர் குரலிலேயே, "கதவைச் சாத்தியாச்சா?" என்று கேட்டது. ஆறு வருடமாக ஒவ்வொரு மாலையும், "சாத்தியாச்சு" என்று அதற்குப் பதில் சொல்லி வந்திருக்கிறேன். இதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை.

பொலிசுக்குப் போனால் ஒரு குருவிக்கா இத்தனை பாடு என்பார்கள். நீயோ வாப்பாவின் கடையில் மிளகை முகர்ந்தே எந்தத் தோட்டத்தது என்று சொல்கிறவள். வீட்டுச் சாவி உன் உம்மாவிடம் இருக்கிறது. போய்ப் பார்த்து எழுது.

அந்த நல்லையாவை மட்டும் கூட்டிக்கொண்டு போகாதே. கேட்டுக்கு வெளியே நின்று என் குரலில், "கிருஷ்ணம்மா, தேத்தண்ணி!" என்று கூப்பிட்டு அவளை அலைக்கழித்தவன் அவன்தான்.

அன்புடன்,
கமலாட்சி சுந்தரலிங்கம்


மாத்தளை,
1963 மார்ச் 9

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

வாப்பாவும் உம்மாவும் சலாம் சொன்னார்கள். உங்கள் கால் சுகமாக வேண்டும் என்று உம்மா தினமும் துஆ கேட்கிறார்.

நல்லையாவை நான் கூட்டிப் போகவில்லை. நானும் அழகாயியும் போனபோது அவன் ஏற்கெனவே உங்கள் மதில்மேல் உட்கார்ந்திருந்தான். தலைமை ஆசிரியரின் குரலில் மூன்றாம் வகுப்புக்கு விடுமுறை விட்டதால், அவனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அழகாயி, இரத்தோட்டைத் தோட்டத்திலிருந்து வந்து தையல்கார இலட்சுமி அக்காவிடம் இருக்கும் பிள்ளை. அவளுக்குக் காது கேட்காது என்பதால் எந்தப் பள்ளிக்கூடத்திலும் சேர்க்கவில்லை. நான் மற்றப் பிள்ளைகளின் தலை எண்ணெய் மணத்துக்கே தும்முவதால் என்னைக் கடைசி வரிசை வாங்கில் தனியாக வைத்திருக்கிறார்கள். எங்களை யாரும் விளையாட்டுக்குச் சேர்ப்பதில்லை. ஆகையால் தேடுவதற்கு எங்களுக்கு நிறைய நேரம் இருக்கிறது.

கூண்டின் கொக்கி உடைந்திருப்பதால் கிருஷ்ணம்மா அக்கா கதவைக் கிழிந்த துணியால் கட்டி வைப்பார் அல்லவா? துணி கீழே கிடந்தது. கதவு தென்னந்தும்புக் கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

"கயிறுதானே, இதுல என்னத்தப் பாக்குறது?" என்று நல்லையா அவிழ்க்கப் போனான். அழகாயி அவன் கையில் ஓர் அடி போட்டாள். அவள் எப்போதும் மனிதர்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பவள். முடிச்சை மெதுவாக அவிழ்த்தாள், மறுபடி கட்டிப் பார்த்தாள், பிறகு எங்கள் இருவரையும் லொறிகள் நிற்கும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். அங்கே சுமையை மூடிய படங்குக் கயிறுகளில் எல்லாம் அதே முடிச்சு!

நான் கயிற்றை முகர்ந்தேன். விறகுப் புகை, பீடி, இரண்டுக்கும் அடியில் ஏலக்காய்.

வாப்பாவிடம் சொன்னதும் தராசைக் கீழே வைத்துவிட்டார். "லொறி முடிச்சும் ஏலக்காய்ப் புகையும் ஒரே ஆள்கிட்டயா? அப்படின்னா அது ராசையாதான் மகள். சுந்தரலிங்கம் முதலாளிக்கு லொறி ஓட்டினவரு. முதலாளி மௌத்தானதும் லொறிய விட்டுட்டு, இரத்தோட்டைக்கு மேல ஏலக்காய் காயவைக்கிற கொட்டகைக்குப் போயிட்டாரு" என்றார்.

ஒன்று மட்டும் எங்களுக்கு விளங்கவில்லை. மைனாவை எடுத்துக்கொண்டு போகிறவர், காலிக் கூண்டை ஏன் அவ்வளவு கவனமாகக் கட்ட வேண்டும்?

நாங்கள் போய்க் கேட்க வாப்பா அனுமதி தந்துவிட்டார். நீங்களும் தர வேண்டும்.

பணிவுடன்,
றஹீமா பலீல்


வெள்ளவத்தை,
1963 மார்ச் 13

அன்புள்ள றஹீமாவுக்கு,

ஒழுங்கான கடிதம். நன்றி.

ராசையாவா என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். என் கணவரோடு ஒரே சோற்றுப் பொதியைப் பிரித்துச் சாப்பிட்டவன். அவர் போன அன்று கொட்டகைத் தூணைக் கட்டிக்கொண்டு அழுதவன். அவன் எடுத்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அதட்டாமல் கேளுங்கள். ஆனால் மைனா உயிரோடு இருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள். எனக்கு இங்கே மாலையானால் இருப்புக் கொள்ளவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். நல்லையா வரலாம். பஸ்ஸில் வாயைத் திறக்கக் கூடாது.

அன்புடன்,
கமலாட்சி சுந்தரலிங்கம்


மாத்தளை,
1963 மார்ச் 18

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

சின்னத்துரை உயிரோடு, சுகமாக இருக்கிறது.

நல்லையா பஸ்ஸில் வாயைத் திறந்துவிட்டான். அதையும் சொல்லிவிடுகிறேன். "பெரியவங்க யாரும் இல்லாம எங்க கெளம்பிட்டீங்க? எறங்குங்க, எறங்குங்க" என்று கொண்டக்டர் எங்களை விரட்டினார். உடனே பின்சீட்டிலிருந்து உங்கள் குரல் வந்தது: "தம்பி! பிள்ளைங்க என்னோட வந்திருக்காங்க. டிக்கட்டக் கிழிச்சுக் குடுத்துட்டு உங்க வேலையப் பாருங்க!" கொண்டக்டர், "சரிங்கம்மா" என்று டிக்கட் தந்துவிட்டார். இரத்தோட்டை வரைக்கும் ஒவ்வொரு சீட்டாக எட்டிப் பார்த்து உங்களைத் தேடிக்கொண்டே வந்தார்.

அங்கிருந்து மேலே நடந்தோம். பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் என் மூக்குத்தான் வழி சொன்னது. ராசையா மாமா கொட்டகை வாசலில் சாக்குகளைக் கட்டிக்கொண்டிருந்தார். "மைனாவா? நான் பாக்கலியே" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அழகாயி சட்டைப் பையிலிருந்து நம் கயிற்றை எடுத்து, அவர் அப்போதுதான் கட்டிய சாக்கின் முடிச்சுக்குப் பக்கத்தில் பிடித்தாள். மாமா அந்தச் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் திருடல பிள்ளைகளே. அம்மா கால் எப்படின்னு கேக்கத்தான் வந்தேன். வீட்டுல ஒருத்தரும் இல்ல. திரும்பி நடக்கிறப்போ பின்னால ஐயா இருமுறாங்க. 'கதவைச் சாத்தியாச்சா?'ன்னு கேக்குறாங்க. ஐயா உசிரோட இருந்தவரைக்கும் அந்தக் குருவி ஒரு சத்தம் போட்டதில்ல. இப்ப அதுக்குள்ளருந்து ஐயா பேசுறாங்க! ஐயாவக் கூட்டுக்குள்ள விட்டுட்டு நான் எப்படி பஸ் ஏறுவேன்?"

"சரி மாமா, அப்ப காலிக் கூட்ட ஏன் கட்டினீங்க?" என்று நல்லையா கேட்டான்.

"ஐயாதான் கதவைச் சாத்தச் சொன்னாங்களே!"

மலையில் கொண்டுவந்து விட்டால் ஐயாவின் உயிருக்கு விடுதலை கிடைக்கும் என்று நினைத்திருக்கிறார். ஆனால் சின்னத்துரை காட்டுக்குப் போகவில்லை. கொட்டகைக்குப் பக்கத்து மரத்தின் உச்சியில்தான் இருந்தது. பப்பாசிப் பழத்தைக் காட்டினோம். இறங்கவில்லை. நல்லையா, உங்கள் மதில்மேலிருந்து சின்னத்துரையிடம் கேட்டுப் பழகிய ஐயாவின் இருமலை இருமிக் காட்டினான். உடனே அது தலையைச் சாய்த்து, "கதவைச் சாத்தியாச்சா?" என்றது. மாமா கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு ஒரு பீடியைப் பற்றவைத்தார்.

அம்மா, அப்போது நடந்ததை அப்படியே எழுதுகிறேன். புகை மேலே போனதும் சின்னத்துரை கிளை கிளையாக இறங்கி வந்தது. மாமாவின் தோளில் உட்கார்ந்து, ஐயாவின் குரலில், ஆனால் இரகசியம் பேசுவதுபோல அவசரமாக, "ராசையா, கமலா வர்றா! பீடியக் கீழ போடு!" என்றது.

மாமா பழக்கத்தில் பீடியைக் கீழே போட்டு மிதித்தேவிட்டார்! பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அட, இது லொறிக் கொட்டகையில நாங்க பேசினதுல்ல! ஐயாவோட உசிரா இருந்தா, இப்ப ஏன் அம்மாவுக்குப் பயப்படணும்? அத்தனை வருசமும் வாய மூடிக்கிட்டு, எங்க ரெண்டு பேரையும் ஒட்டுக் கேட்டிருக்கு இந்தக் கள்ளக் குருவி!"

அதற்குப் பிறகு சின்னத்துரை இன்னொன்றும் சொன்னது. அதை எழுதினால் அம்மா கோபிப்பாங்க, எழுதாதே என்று மாமா சத்தியம் வாங்கப் பார்த்தார். நான் சத்தியம் செய்யவில்லை. ஆனாலும் எழுதத் தயக்கமாக இருக்கிறது.

நீங்கள் சொன்னால் மாமா சின்னத்துரையைத் திரும்பக் கொண்டுவருவார். ஆனால் உங்கள் முகத்தைப் பார்க்கப் பயப்படுகிறார்.

பணிவுடன்,
றஹீமா பலீல்


வெள்ளவத்தை,
1963 மார்ச் 22

அன்புள்ள றஹீமாவுக்கும், நல்லையாவுக்கும், அழகாயிக்கும்,

உங்கள் கடிதத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது, நான் அழுகிறேன் என்று நினைத்து மருமகள் ஓடிவந்தாள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் நான் அப்படிச் சிரித்ததை அவர்கள் பார்த்ததில்லை.

என் வீட்டில் புகைக்கு இடமில்லை. அது கல்யாணமான முதல் வாரத்திலேயே நான் போட்ட சட்டம். அவர் சட்டையில் பீடி மணக்கும்போதெல்லாம், "ராசையா பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன்" என்பார். நானும் நம்பினேன். அந்தக் கெட்டிக்கார மனிதர் கடைசிவரை பிடிபடவேயில்லை.

ஆறு வருடமாக அவர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். இனி அவரிடமிருந்து புதிதாக ஒரு சொல்லும் வராது என்றிருந்தேன். நீங்கள் மூவரும் மலையேறிப் போய்ப் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து தந்திருக்கிறீர்கள். ஒரு விருந்துக்கும், ஒரு பரிசுக்கும், ஓர் அனுதாபத்துக்கும் எப்படி நன்றி எழுதுவது என்று கன்னியர் மடத்துப் பள்ளியில் எனக்குச் சொல்லித் தந்தார்கள். இதற்கு எப்படி எழுதுவது என்று சொல்லித் தரவில்லை. ஆகையால் வெறுமனே நன்றி என்று எழுதுகிறேன். அழகாயிக்கு அதை நீ கையால் சொல்.

நல்லையாவை மறுபடி சேர்த்துக்கொள்ளும்படி அவன் தலைமை ஆசிரியருக்கு எழுதிவிட்டேன். என் குரலை அவன் பஸ்ஸில் எடுத்துக்கொள்ளலாம். கேட்டுக்கு வெளியே கூடாது.

கிருஷ்ணம்மாவுக்குத் தனியாக எழுதினேன். நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது என்பதையும் எழுதினேன். நான் வரும் நாளுக்கு அவளும் வருகிறாள்.

ராசையாவிடம் சொல்: சித்திரை வருடப்பிறப்புக்கு முன்னால் என் கால் கட்டை அவிழ்த்துவிடுவார்கள். அவன் சின்னத்துரையைத் தோளில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வர வேண்டும். என் விறாந்தையில், என் எதிரே, நாற்காலியில் உட்கார்ந்து பீடி குடிக்க வேண்டும். சாம்பலுக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை வைக்கச் சொல்கிறேன். தரையில் தட்டக் கூடாது.

சின்னத்துரை சொன்ன அந்த இன்னொன்றை எழுதாதே என்று சொல்ல ராசையாவுக்கு உரிமையில்லை. அது என்னைப்பற்றி என் கணவர் சொன்னது. கேலியாக இருந்தாலும் எனக்கு வேண்டும். நான் கோபிக்க மாட்டேன். யாரிடமும் வாயால் சொல்லி அனுப்பாமல், ஒரு சொல்லும் விடாமல் நீயே எழுதி, அடுத்த தபாலில் பதில் அனுப்பு.

அன்புடன்,
கமலாட்சி சுந்தரலிங்கம்