நான் அழுத காட்சிகள்

ஆசைத் தம்பிக்கு,

அம்மாவைச் சுடுகாட்டுக்கு எடுத்த அன்று நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "படத்துல குடம் குடமா அழுதவ, பெத்தவளுக்கு ஒரு சொட்டு விடலையே" என்று சித்தி சொன்னபோது நீயும் முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

எனக்கு ஏழு வயது, முதல் படம். கதவோரம் நின்று அழ வேண்டும். கிளிசரின் போட்டும் கண் சிவந்ததே தவிர அழுகை வரவில்லை. டைரக்டர் கத்தினார். அம்மா என்னை ஓரமாக அழைத்துப்போய்க் காதில் சொன்னாள்: "தம்பி செத்துட்டான்டி."

ஒரே டேக்கில் ஓகே. எல்லோரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்தால் நீ தொட்டிலில் கால் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தாய். அன்று உன்னை நான் யாரிடமும் கொடுக்கவில்லை.

அதன் பிறகு படத்துக்குப் படம் நீ செத்தாய். பொய் என்று தெரியும். இன்றைக்கு நிஜமாக இருந்துவிட்டால் என்ற பயத்திலேயே அழுதேன். வளர்ந்து பாட வந்தபோது, சோகப் பாட்டு என்றால் மைக் முன்னால் அதையே நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். குரலில் என்ன உருக்கம் என்றார்கள்.

அன்று பாட்டு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். சித்தி போனில், "மனசத் தேத்திக்க, வீட்டுல ஒரு சாவு" என்றாள். நீயோ என்று சுவரைப் பிடித்துக்கொண்டேன். "அம்மா போயிட்டாடி" என்றாள் அடுத்து.

அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டேன், தம்பி. அந்த மூச்சோடு வந்து நின்றவளைத்தான் நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள்.

கோபம் இருக்கட்டும். திட்டுவதற்காகவாவது ஒரு தடவை போன் பண்ணு.

உன் அக்கா