நாலு மணி வெந்நீர்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா ஆசியுடன் எழுதுவது. இங்கே உன் மாமியாரைத் தவிர எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நான் ஒருத்திதான். பதறாதே, சம்பந்தியம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. முதுகுப் பிடிப்புதான் இன்னும் விடவில்லை. டாக்டர் வந்து பார்த்து, மூன்று நாள் படுக்கையை விட்டு எழக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். சமையலும் மருந்தும் இப்போது என் பொறுப்பு. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போன் பேசும்போது உன் பெண்டாட்டி பக்கத்திலேயே இருப்பாள். இதை முதலில் நீ மட்டும் படிக்க வேண்டும்.

உனக்கு முப்பது நாள் விடுமுறை கிடைத்தது. அதில் இருபத்தாறு நாள் மாமியார் வீட்டில், நாலு நாள் என்னிடம். அந்த நாலிலும் ஒரு நாளைப் பல் டாக்டர் எடுத்துக்கொண்டார். கேட்டால், கரன்ட் இல்லாத வீடு, அத்தை தனியாக இருக்கிறார், ஒரு குளியலறை கட்டிக்கொடுத்தேன் என்றாய். என் வீட்டில் ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் அதற்கெல்லாம் ஆள் இருக்கிறது என்று சொல்பவன் நீ. அப்படி என்னதான் கட்டியிருக்கிறாய் என்று பார்க்கத்தான் கிளம்பி வந்தேன். இரண்டு நாளில் திரும்புவதாகப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்தவளுக்கு இன்றோடு பதினோரு நாள் ஆகிறது.

பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால், நாற்றுப் பாத்திகளைத் தாண்டி நிற்கிறது. பழைய கதவுகளைச் சுவராக நிறுத்தியிருக்கிறாய். மேலே கூரை இல்லை, வானம் தெரிகிறது. கைப்பம்பை அடித்தால் தண்ணீர் மேல் தொட்டிக்கு ஏறுகிறது. அங்கிருந்து கறுப்பு டிரம்முக்கு இறங்குகிறது. டிரம் ஒரு மரப்பெட்டிக்குள், பெட்டிக்கு மூடி பழைய ஜன்னல் கண்ணாடி. வெயில் அதில் இறங்கி, சாயங்காலம் நாலு மணிக்கு எட்டு வாளி வெந்நீர். ஒரு குறையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் கொட்டிப் பார்த்தேன். ஒரு சொட்டுத் தேங்காமல் ஜல்லிக் குழிக்குப் போய், அங்கிருந்து எலுமிச்சை மரத்துக்குப் போயிற்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதைவிட, டிரம்மின் முதுகில் சூடு தங்குவதற்காகச் சுற்றியிருக்கிறாயே ஒரு சிவப்புக் கம்பளி, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வெளிநாட்டில் குளிருமே என்று கடை கடையாக ஏறி இறங்கி நான் வாங்கிக் கொடுத்தது அது. மாமியார் வீட்டு டிரம் குளிரில் நடுங்கக் கூடாது பார்.

சம்பந்தியம்மா வேறு, வாயைத் திறந்தால் மாப்பிள்ளைதான். இந்தக் கொக்கி மாப்பிள்ளை அடித்தது, இந்தப் படிக்கல் மாப்பிள்ளை தோளில் தூக்கி வந்தது. மதிய வெயிலில் நீ மண் கலக்கும்போது அவர் குடை பிடித்துக்கொண்டு நின்றாராம். சிரித்துச் சிரித்துச் சொன்னார். நானும் சிரித்து வைத்தேன். உள்ளே வெந்துகொண்டிருந்தேன் என்பதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? எனக்கு அந்த அம்மாவைப் பார்த்துப் பொறாமை. நான் பெற்று வளர்த்த பிள்ளையின் கைவேலையை இன்னொருத்தி வீட்டில் விருந்தாளியாக நின்று பார்க்க வேண்டியிருந்தால் உனக்குத் தெரியும்.

இனிதான் விஷயம். அவர் நாளெல்லாம் குனிந்து நாற்றுப் பிடுங்கிக் கட்டிவிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் குளிப்பார். அந்த வெந்நீர் முதுகில் விழுந்தால்தான் ராத்திரி தூக்கம் வருகிறதாம். இதை என்னிடம் அவரே சொன்னார். மறுநாளிலிருந்து நான் நாலு மணிக்குக் குளிக்கப் போனேன். எனக்கு இரண்டு வாளி போதும். மற்ற ஆறு வாளியில் துணி துவைத்தேன். அழுக்குத் துணி முதல் நாளோடு தீர்ந்துவிட்டது. அதன் பிறகு துவைத்ததையே துவைத்தேன். வெந்நீர் போகப் போக மேல் தொட்டியிலிருந்து பச்சைத் தண்ணீர் வந்து டிரம்மை நிரப்பிவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பனிக்காலத்தில், ஆறு மணிக்கு, அந்தத் தண்ணீரில் அவர் குளித்துவிட்டு வருவார். மேகமாக இருந்திருக்கும் போல, இன்றைக்குச் சூடு ஏறவில்லை என்பார். வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது. ஆமாம் சம்பந்தியம்மா, மூட்டமாகத்தான் இருந்தது என்று நானும் தலையாட்டுவேன்.

இப்படி ஐந்து நாள் செய்தேன். அவர் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருவதைப் பார்க்க எனக்கு நன்றாகவே இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். ஆறாம் நாள் காலையில் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. திரும்பிப் படுக்கக்கூட முதுகு விடவில்லை. டாக்டரை அழைத்து வர ஒரு மைல் ஓடினேன். ஓடும்போது உன் முகம்தான் கண்முன் வந்தது. இந்த அம்மாவுக்கு ஒன்று ஆகிவிட்டால் என் பிள்ளை இனி என் வாசலை மிதிக்க மாட்டான் என்று பயந்தேன். அவருக்காக அல்ல, எனக்காகத்தான் ஓடினேன்.

நேற்று, டாக்டர் சொன்ன மூன்று நாளும் முடிந்து அவர் கொஞ்சம் தெளிந்து உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவார், கிளம்பிப் போ என்பார் என்று பெட்டியைக்கூடக் கட்டி வைத்திருந்தேன். அவர் தலையணையைச் சரிசெய்துகொண்டு, "மூணாம் நாளே தெரியும் சம்பந்தியம்மா. ஒரே புடவை மூணு நாளா கொடியில ஈரமாத் தொங்குது" என்றார். தெரிந்துமா குளித்தீர்கள், ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா என்று கேட்டேன்.

"எப்படிக் கேக்கறது? உங்ககிட்ட இருக்க வேண்டிய பிள்ளை ஒரு மாசம் இங்கேயே இருந்துட்டார். நானும் போங்கன்னு சொல்லல. சொல்ல மனசு வரல. வெந்நீரையாவது நீங்க எடுத்துக்கங்கன்னு விட்டுட்டேன்" என்றார்.

பெட்டியை அவிழ்த்துவிட்டு, நாலு மணிக்கு எட்டு வாளியையும் நானே தூக்கி வந்து, அவரைப் பலகையில் உட்கார வைத்து முதுகுக்கு ஊற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த முதுகு எலும்பும் தோலுமாக இருக்கிறது, உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் கட்டியிருக்கிறாய். உன் மேல் இருந்த கோபம் பாதி அங்கேயே போய்விட்டது. மீதி இருக்கிறது. இப்படிப் பெரிய மனசாக ஒரு பதில் எனக்கு வந்திருக்காதே என்று புதிதாக ஒரு பொறாமையும் சேர்ந்துகொண்டது. என் சுபாவம் அப்படி, இந்த வயதில் எங்கே மாற்றுவது?

உன் பெண்டாட்டியிடம் எப்போது சொல்வது என்பது உன் விருப்பம். அவள் அம்மா சொல்ல மாட்டார், அதனால் நீயே சொல்லிவிடு. அவள் என்னைத் திட்டினால் திட்டட்டும், நீ எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். இவர் எழுந்து நடமாடும் வரை நான் இங்கேதான் இருப்பேன். நாற்றுக்குத் தண்ணீர் விடக் கற்றுக்கொண்டுவிட்டேன். பம்பு அடித்து அடித்துத் தோள் கழன்றுவிடும் போல இருக்கிறது.

பிறகு என் வீட்டுக்குப் போவேன். அங்கே எல்லாம் இருக்கிறது, நீதான் ஆள் அனுப்பி எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தாயே. சமையலறைக் குழாய் மட்டும் மூன்று மாதமாகச் சொட்டுகிறது. அடியில் ஒரு கிண்ணம் வைத்திருக்கிறேன். நிறைந்தால் கொட்டிவிட்டு மறுபடி வைப்பேன். பிளம்பர் எதிர்த் தெருவில்தான் இருக்கிறான், கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவான். நான் கூப்பிடவில்லை.

இருவரும் நோய் நொடியில்லாமல் நீடூழி வாழ்க. அடுத்த விடுமுறை எப்போது என்று எழுது.

உன்
அம்மா