தாவிப் போகும் இடம்

புளியக்குடி,
18.2.1979

அன்புள்ள தங்கமணிக்கு,

கும்பகோணத்தில் நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? போன கடிதத்துக்கே நீ பதில் போடவில்லை. கோபம்தான், இருந்தாலும் எழுதுகிறேன்.

நீ விட்டுக்கொடுத்த உங்கள் நெற்களத்தில்தான் பெண்களுக்குத் தடை ஓட்டம் பழக்குகிறேன். ஒலிம்பிக்கில் முதல் சுற்றிலேயே வெளியேறியவள் நான். இவர்களில் ஒருத்தியாவது அதற்கு மேலே போவாள் என்று நம்பித்தான் ரயில்வே வேலையை விட்டுவிட்டு வந்தேன்.

ஒன்று சொன்னால் சிரிக்காதே. ஐந்தாவது தடைக்கும் ஆறாவதுக்கும் நடுவே வெறும் தரை. அங்கே வந்ததும் எல்லாப் பெண்களும் ஒரு தடவை தாவுகிறார்கள். நேற்றுச் சேர்ந்தவளும் தாவினாள்.

"ஏன்டி அங்க தாண்டுறே?"

"யாரோ படுத்திருக்க மாதிரி இருக்கு டீச்சர். மிதிச்சிடக் கூடாதுன்னு..."

அவளுக்கு இந்த ஊரே புதுசு. உனக்கு ஏதாவது தெரியுமா?

அன்புடன்,
அம்சம்

கும்பகோணம்,
23.2.1979

அன்பு அம்சத்துக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டேன்.

எங்கள் அப்பா கடைசிக் காலத்தில் அந்தக் களத்தில் நடக்கும்போது, ஓரிடத்தில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக் காலை உயர்த்தி வைப்பார். கேட்டால், "கால நீட்டிப் படுத்திருக்கான் பாரு" என்பார். புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்தோம்.

எங்கள் வயலில் கூலிச் சண்டை நடந்த வருஷம் உன் அண்ணன் காத்தான் காணாமற்போனானே. உனக்கு முதன்முதலில் மூங்கில் கட்டித் தாண்டப் பழக்கியவன். போலீசுக்குப் பயந்து பம்பாய்க்கு ஓடிவிட்டான் என்று எங்கள் வீட்டில் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

எங்கள் பஞ்சநதம் அண்ணனிடம் கேட்டேன். "களத்துல மண்வெட்டி பட்டுதுன்னா நீ இந்த வீட்டுப் பொண்ணே இல்ல" என்றார்.

நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து அப்பா அந்த இடத்தை என் பேரில் எழுதி வைத்தார். பேருக்குத்தான் என்னுடையது என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். பட்டாவில் இருப்பது என் பேர். தோண்டு, அம்சம்.

உன்,
தங்கமணி

புளியக்குடி,
9.3.1979

அன்புள்ள தங்கமணிக்கு,

அண்ணன் கிடைத்துவிட்டான். அம்மா நாகூரில் வாங்கிக் கட்டிய செப்புத் தாயத்து இடுப்பெலும்போடு கிடந்தது. அம்மா அதைக் கையில் வாங்கி, "பம்பாயிலேர்ந்து வந்துட்டியாடா?" என்றாள்.

"எப்படித் தெரிஞ்சு தோண்டினீங்க?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். பெண்களின் கால்களைக் காட்டினேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை.

பிறந்த வீட்டுக்கு இனி வரக் கூடாது என்று உனக்குச் சொல்லிவிட்டார்களாமே. எங்கள் தெருவுக்குள் நீ ஒருநாளும் வந்ததில்லை. இப்போது வா. அம்மா உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

குழியை மூடி, தண்ணீர் தெளித்து மண்ணை இறுக்கி, இன்று காலை மறுபடியும் ஓடவிட்டேன். அந்த இடத்தில் யாரும் தாவவில்லை. நேராக ஓடினார்கள்.

எட்டாவது தடையைக் கடந்ததும் வெறும் தரையில் அத்தனை பேரும் தாவினார்கள். கொஞ்சம் தள்ளி, இன்னொரு தடவை.

அங்கே இன்னும் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று உன் அண்ணனிடம் கேட்டு எழுது.

அம்சம்