என்ஜினியரம்மா இறங்கிய வாரம்

இன்று பீரோவின் அடித்தட்டைத் துடைக்கும்போது மயில்துத்தம் கலந்த பைண்டிங் பசை வாசம் வந்தது. நீ பைண்டு பண்ணி வைத்த விண்கப்பல் தொடர்கதைகள்தான். வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்து அடுக்கி, தெப்பக்குளத்துப் பக்கம் பைண்டிங் கடையில் கொடுத்து வாங்குவாய். மூன்று தொகுதிகள். மூன்றாவது மட்டும் ஒல்லி.

எழுபதுகளின் கடைசி; வண்டியூரில் வாடகை வீடு. கல்யாணமான புதிதில் உன் கதைப் பைத்தியம் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பத்திரிகை வந்துவிட்டால் சாப்பாடே மறந்துபோகும் உனக்கு. பசுமலைப் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர் அல்லவா, கப்பலின் என்ஜினியரம்மா செய்வதையெல்லாம் எனக்குப் பாடமாகவே நடத்துவாய். "பாருங்க, அம்புட்டு ஆம்பளைகளும் முழிக்கிறாய்ங்க, இவதான் என்ஜினைக் கெளப்புறா!" என்பாய். நீயே கிளப்பியது போல ஒரு கர்வம் வேறு.

மூன்றாவது தொடர் வந்தபோது மகள் பிறந்திருந்தாள். உன் பிரசவ லீவு முடியப்போகிற நேரம். எதிர்வீட்டிலிருந்த என் அக்கா தினமும் ஆரம்பிப்பாள். "பச்சப்புள்ளைய விட்டுட்டு அம்புட்டுத் தூரம் பஸ் ஏறணுமா? வேலைய எழுதிக் குடுத்துட்டு வரச் சொல்லுடா." நான் பிடிகொடுக்காமல் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். நீயும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வாரம் கதையில் என்ஜினியரம்மா வேலையை விட்டாள். கேப்டனைக் கட்டிக்கொண்டு, பூமியில் இறங்கி, அவன் வரும்வரை காத்திருக்கப் போகிறாளாம். நீ பத்திரிகையைத் தூக்கி எறிந்தாய். அது தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் விழுந்தது.

"ஏம்மா, கதைக்குப் போயி இம்புட்டுக் கோவமா?" என்றேன்.

"கதையிலேயே விட மாட்டேங்கிறாங்க. நெசத்துல நீங்க விடுவீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. நேரே எதிர்வீட்டுக்குப் போனேன். "அக்கா, அவ வேலைக்குப் போகட்டும். பகல்ல புள்ளைய நீ பார்த்துக்க, சாயந்தரம் நான் வந்து தூக்கிக்கிறேன்" என்றேன். அக்கா முறைத்தாள். "நல்லாத்தான் மாறிட்ட, போ" என்றாள். ஆனால் உன் லீவு முடிந்த அன்று தொட்டில் சேலையை எடுத்துப் போய்த் தன் வீட்டில் கட்டியதும் அவள்தான்.

அப்புறம் நீ அந்தக் கதையைத் தொடவே இல்லை. என்ஜினியரம்மா திரும்ப வருவாளா என்று நான்தான் டீக்கடையில் உட்கார்ந்து வாராவாரம் படித்தேன். நான்காவது தொடரில் வந்தேவிட்டாள். ஓடிவந்து சொன்னேன். பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த நீ தலை நிமிரவில்லை.

"வந்துட்டாளா? நல்லது. அந்தச் சாம்பாரை எறக்கி வைங்க."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவளை நினைத்துக்கொண்டிருக்க உனக்கு நேரமில்லை; நாளைக்கு எட்டாம் வகுப்புக்குப் பேப்பர் கொடுக்க வேண்டும்.

நீ போன பிறகு, டிவியில் விண்கப்பல் படம் எது வந்தாலும் உட்கார்ந்துவிடுகிறேன். ராக்கெட்டை யார் பார்த்தார்கள்? அதில் வேலை செய்கிற பெண் கடைசிவரை இருக்கிறாளா என்றுதான் பார்க்கிறேன். பாதியில் இறக்கிவிட்டார்கள் என்றால் டிவியை அணைத்துவிட்டு, ஆளில்லாத வீட்டில் சத்தமாகத் திட்டுகிறேன். நீ இல்லையே, கோபப்பட ஓர் ஆள் வேண்டாமா?