மேடைப் பலகைக்கு அடியில்

பிப்ரவரி 9, திங்கள்

நிரந்தரப் பணிக்கான படிவம் கைக்கு வந்துவிட்டது. மூன்று வருட ஒப்பந்தத்துக்குப் பிறகு. ‘முழுக்கு ஞானஸ்நானம் பெற்ற நாள்’ என்ற கட்டத்தைத் தவிர எல்லாம் நிரப்பிவிட்டேன். பிறந்த ஏழாம் நாள், வேறொரு சபையில், நெற்றியில் தண்ணீர் தெளிக்கப்பட்டவள் நான். இந்த பாப்டிஸ்ட் பள்ளியில் அது செல்லாது. விவரம் தெரிந்து, தானாகக் கேட்டு, முழுதாக மூழ்கி எழ வேண்டும். ஞாயிறன்று ஆலயமாகும் கூடத்தில்தான் என் ஆறாம், ஏழாம் வகுப்புகள். முழுக்குத் தொட்டி மேடைப் பலகைக்கு அடியில் இருக்கிறது. தினமும் அதன்மேல் நின்றுதான் பாடம் நடத்துகிறேன்.

பிப்ரவரி 11

ஏழாம் வகுப்பிலேயே உயரமான பெண் வந்து நின்றாள். “எங்க செட்டே இந்த மாசம் தொட்டியில இறங்குது மிஸ். நான் மட்டும் இறங்கலைன்னா ஓட்டுவாளுங்க.”

“அதுக்காக இறங்காதே. உனக்கே தோணும்போது இறங்கு.”

இங்கே சொல்லித்தரும் பாடம்தான் அது. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்!

பிப்ரவரி 13

படிவம் ஏன் இன்னும் வரவில்லை என்று முதல்வர் அழைத்துக் கேட்டார். காரணத்தைச் சொன்னேன். அதட்டியிருந்தால்கூடத் தேவலை. “ஒரு நிமிஷ வேலைம்மா. இறங்கிட்டு வந்துடுங்க. நிர்வாகக் குழுவை நான் பாத்துக்கறேன்.”

ஒரு நிமிஷ வேலையா?

பிப்ரவரி 14

அம்மாவிடம் சொன்னேன். “இந்த வயசுல உன்னை முக்கினா சளிதான் பிடிக்கும்” என்று சிரித்தாள். பிறகு பாத்திரம் தேய்த்த கை நின்றது.

“நீ பிழைக்க மாட்டேன்னு டாக்டர் கையை விரிச்சப்போ, நான்தான்டி ஓடிப்போய்ப் போதகரைக் கூட்டிட்டு வந்தேன். அது ஒண்ணுமே இல்லைங்கறாங்களா?”

கழுவிய பாத்திரங்களைத் துடைத்து அடுக்கினேன்.

“போ, இறங்கிடு. வேலை முக்கியம்” என்றாள், குழாயைப் பார்த்தபடி.

பிப்ரவரி 15

நம்பிக்கை இல்லாதவளா நான்? இல்லையே. அந்த முதல் தண்ணீரைப் பொய்யென்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

பிப்ரவரி 20

கேட்டேவிட்டேன். “வேலைக்காக இறங்கினா அது ஞானஸ்நானமா மேடம்?”

முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். “முப்பது வருஷமா நாங்க பிரசங்கம் பண்றதைத்தான் நீங்க சொல்றீங்க.”

படிவத்தை வெற்றுக் கட்டத்தோடே வாங்கி உறையில் போட்டார்.

ஏப்ரல் 2

குழுவின் கடிதம். இரண்டே வரி. ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை.

ஜூன் 8

புதுப் பள்ளியில் முதல் நாள். இரண்டு பஸ் மாற வேண்டும். ஏழாம் வகுப்பில் மட்டும் நாற்பத்தெட்டு பேர். ஒரு முகமும் இன்னும் மனதில் நிற்கவில்லை.

பழைய பள்ளியில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். “அப்படியா” என்றாள். காலையில் என் பையை வாங்கிக்கொண்டு, பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தாள்.